மகள் ரேடியோ சிப் வடிவமைக்கட்டும், ஐயா

வணக்கம் ஐயா. மதுரை தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் நீங்கள் போன வாரம் மகளோடு வந்து ஒரே கேள்விதான் கேட்டீர்கள். மென்பொருள் வேலைக்கான கடிதம் கையில் இருக்கும்போது, இறுதியாண்டு இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) படிக்கிற பெண் ஏன் "பெருக்கி, பெருக்கி" என்று பிடிவாதமாக நிற்கிறாள்? நீங்கள் கிளம்பிய பிறகும் அது மனத்தை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவள் சொல்வது செல்பேசியில் ஆன்டெனாவை அடுத்து வரும் எல்.என்.ஏ., அதாவது குறை இரைச்சல் பெருக்கி. காற்றில் வரும் மெலிந்த சமிக்ஞையை வலுவாக்கும் சுற்று அது; சமிக்ஞையோடு கலந்துவிடும் வேண்டாத மின் அலைவுகளைத்தான் இரைச்சல் என்கிறார்கள். உருக்கும்போதே கலந்துவிட்ட செம்பை, பிறகு எவ்வளவு மெருகு போட்டாலும் நகையிலிருந்து எடுக்க முடியுமா? ரேடியோவிலும் அப்படித்தான். முதல் பெருக்கி சேர்க்கும் இரைச்சலை அடுத்து வரும் சுற்றுகள் சமிக்ஞையோடு சேர்த்தே பெருக்கிவிடும். 1944-இல் ஹரால்ட் ஃப்ரீஸ் என்ற பொறியாளர் இதைச் சூத்திரமாகவே எழுதிவிட்டார்.

ஒரே செல்பேசி 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைகளையும், ஜி.பி.எஸ்.ஸின் 1575.42-ஐயும், வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸையும் வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெருக்கி வைத்தால், மின்தூண்டிச் சுருள்களே சிப்பின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே பெருக்கியை, பழைய ரேடியோவில் திருகைத் திருப்புவதுபோல், வேண்டிய அலைக்கு மாற்றப் பார்க்கிறார்கள். சுருளும் மின்தேக்கி என்ற உறுப்பும் சேர்ந்துதான் எந்த அலை என்பதைத் தீர்மானிக்கின்றன. உங்கள் மகள் பட்டறைச் சீட்டின் பின்புறத்தில் வரைந்து காட்டினாள்: மின்தேக்கியின் அளவை நான்கு மடங்காக்கினால் 1800 என்பது 900 ஆக இறங்கும். அதன் கீழேயே, "மாற்றும் சுவிட்சுக்கும் மின்தடை உண்டு, அதுவும் இரைச்சல்" என்று எழுதி அடிக்கோடிட்டாள். சேதாரத்தையும் சேர்த்தே கணக்குப் போடுகிற பிள்ளை ஐயா அவள்!

பி.இ. மட்டும் முடித்தால் இந்த வேலை எளிதில் கிடைக்காது, எம்.டெக். அல்லது எம்.எஸ். வேண்டும். வேலையும் பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத்தில்தான். மகள் மதுரையிலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அவளிடம் இப்போதே பேசிவிடுங்கள். கேட் என்ற பொறியியல் மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யிலோ என்.ஐ.டி.யிலோ எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கேட் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். ஆகவே மென்பொருள் வேலையை உதறச் சொல்லவில்லை. சேரட்டும், ஆனால் அந்த 3 ஆண்டுகளைத் தாண்ட விடாதீர்கள்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு எல்லா அலைகளும் வேண்டாம், இரண்டு போதும். என்ஜிஸ்பைஸ் என்ற இலவச மென்பொருளில் சுற்றை ஓட்டி, இரண்டு அலைகளிலும் இரைச்சல், பெருக்கம், மின்செலவு மூன்றையும் எடுத்து எழுதட்டும். நேர்முகத் தேர்வில் அந்த எண்களைத்தான் குடைவார்கள். அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளோடு அவளை வரச் சொல்லுங்கள்.