ஒன்பது வாங்கி ஒன்று போட்ட அணி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பாம்பன்காரன். நாட்டுப்படகில் தொழில். 17 வயதுக்குட்பட்ட இந்தியக் கால்பந்து அணி பற்றி நீங்கள் எழுதியதை என் மகன்தான் போனில் வாசித்துக் காட்டினான். எட்டாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டால் பந்து, லீவு விட்டாலும் பந்து. 2017 உலகக் கோப்பையில் ஆடிய பையன்களை நீங்கள் அவ்வளவு பெருமையாக எழுதியிருந்தீர்கள். நான் கணக்குப் பார்த்தேன். மூன்று மேட்ச், மூன்றிலும் தோல்வி. ஒன்பது கோல் வாங்கி ஒரு கோல் போட்டிருக்கிறார்கள். அந்த இடமும் போட்டியை நம் நாட்டில் நடத்தியதால் கிடைத்தது என்கிறார்கள். அதற்கப்புறம் 2025 வரை ஒரு தடவையாவது அந்த உலகக் கோப்பைக்குப் போனோமா? இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது அண்ணே?

சண்டைக்குக் கேட்கவில்லை. மகன் விளையாட்டு விடுதியில் சேர வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வீட்டில் அவன் அம்மாவுக்கு மனசு இல்லை. ஜெயிக்கவே ஜெயிக்காத ஒரு ஆட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பி அவன் படிப்பைக் கெடுக்கலாமா? உங்கள் வார்த்தைக்காக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கணக்கு சரி. 2017 அக்டோபரில் டெல்லியில் அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதிச்சுற்று ஆடாமலே கிடைத்த இடம் என்பதும் உண்மை. எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 1-2 ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நான் பெருமைப்பட்டதற்கும், இத்தனை வருடமாக மனசு ஆறாமல் இருப்பதற்கும் காரணம் அந்த ஒரு ஆட்டம்தான்.

அக்டோபர் 9ஆம் தேதி. தங்கச்சிமடத்தில் உறவினர் வீட்டு டிவியில் பார்த்தேன். முதல் பாதி முடியும் நேரத்தில் திருச்சூர்ப் பையன் ராகுல் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் நாம்தான் முன்னிலை. 49ஆவது நிமிடம் கொலம்பியாவின் பெனலோசா ஒரு கோல் போட்டார். அப்புறமும் நம் பசங்க தளரவில்லை. 82ஆவது நிமிடம் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னரிலிருந்து தூக்கிக் கொடுக்க, மணிப்பூரின் ஜீக்சன் சிங் எழும்பித் தலையால் முட்டினார். கோல். ஃபிஃபா நடத்தும் எந்த உலகக் கோப்பையிலும் இந்தியா போட்ட முதல் கோல் அதுதான். வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டோம். எழுந்தவர்கள் உட்காருவதற்குள், 83ஆவது நிமிடம், அதே பெனலோசா இன்னொன்று போட்டுவிட்டார்.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். சமன் செய்த மறு நிமிடம் எப்படி நிற்பது, யார் யாரைப் பிடிப்பது, பந்தை எங்கே தள்ளி நேரத்தைக் கடத்துவது என்பதையெல்லாம் பலகையில் வரைந்து சொல்லிக் கொடுத்துவிட முடியாது. அதே நிலைமையில் நாற்பது, ஐம்பது தடவை நின்ற பையனுக்குத்தான் அது உடம்பில் ஏறும். கடலில் காற்று மாறினால் நீங்கள் யோசித்துவிட்டா பாயை இறக்குகிறீர்கள்? கை தானாகப் போகிறது. கொலம்பியாப் பையன்களுக்கு அந்தக் கை இருந்தது. நம் பையன்களிடம் திறமையும் தைரியமும் இருந்தன. ஆடிப் பழகிய ஆட்டங்களின் எண்ணிக்கையில்தான் குறைவு.

இந்த அணிகளின் மற்ற ஆட்டங்களைப் பார்த்தாலும் எனக்கு இதேதான் தெரிகிறது. 2018இல் மலேசியாவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில் வியட்நாமை 1-0 என்று வென்றோம். ஈரானுடன் 0-0, இந்தோனேசியாவுடன் 0-0. குரூப்பில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. காலிறுதியில் தென்கொரியாவிடம் 0-1. அந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்திருந்தால் உலகக் கோப்பைக்கு நேராகப் போயிருப்போம், யாரும் இடம் தந்து அல்ல. அதே 2018 ஆகஸ்டில் ஸ்பெயினில் நடந்த கோடிஃப் போட்டியில் நம் 20 வயதுக்குட்பட்ட அணி அர்ஜென்டினாவை 2-1 என்று தோற்கடித்தது. ஒரு ஆள் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன பிறகு பத்துப் பேராகத் தாக்குப்பிடித்து ஜெயித்தார்கள். அன்று எதிரணியின் பயிற்சியாளராக நின்றவர் ஸ்கலோனி. நான்கு வருடம் கழித்து மெஸ்ஸியின் அணிக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்.

2023இல் தாய்லாந்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில் ஜப்பானிடம் 4-8. எட்டு வாங்கியதைப் பார்த்து எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த வருடம் ஆசியக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன ஜப்பானுக்கு நாம் நாலு கோல் போட்டோம் என்பதை யாரும் பேசவில்லை. தெற்காசியக் கோப்பைகளை இந்த வயதில் திரும்பத் திரும்ப நாம்தான் வாங்குகிறோம். 2025 நவம்பர் 30ஆம் தேதி அகமதாபாத்தில் முதலில் கோல் வாங்கி, அப்புறம் ஈரானை 2-1 என்று ஜெயித்து, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றோம். அதற்கெல்லாம் முன்னால், 1974இல் பாங்காக்கில் ஷபீர் அலி தலைமையில் போன இளையோர் அணி அதே ஈரானோடு இறுதி ஆட்டத்தில் 2-2 என்று சமன் செய்து இளையோர் ஆசியக் கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. ஜெயிக்கவே ஜெயிக்காத ஆட்டம் என்று நீங்கள் எழுதிய இடத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை, தம்பி.

சரி, ஜப்பான்காரனுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? அங்கே 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இளவரசர் தகமாடோ பெயரில் லீக் நடக்கிறது. பள்ளிக்கூட அணியும் கிளப் அணியும் ஒரே லீக்கில் மாதக்கணக்காக மோதுகின்றன. தோற்ற அணிக்கும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு.

நம் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் பள்ளி அணியில் இடதுபக்கம் ஆடுவேன். ஜூனிலிருந்து தினமும் சாயங்காலம் பயிற்சி. குறுவட்டப் போட்டிக்கு லாரியில் ஏறிப் போனோம். முதல் ஆட்டம், கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கினோம், முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வருடத்துக்கு எனக்கு அது ஒன்றுதான் மேட்ச். அடுத்த வருடம் பதினொன்றாம் வகுப்பு, வேறு பள்ளிக்கூடம், அங்கே அணியே கிடையாது. இன்றும் அந்தக் கோல் கனவில் வரும். பந்து என்னைத் தாண்டித்தான் போனது. இன்னொரு ஆட்டம் கொடுத்திருந்தால் அதைச் சரிசெய்திருப்பேன்.

இன்றைக்கும் பாரதியார் தினம், குடியரசு தினம் என்று நடக்கும் பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் தோற்றால் வெளியே போகிற நாக்-அவுட்தான். பதினாறு அணி வந்தால் எட்டு அணி ஒரே ஆட்டத்தோடு பஸ் ஏறிவிடும். அதே பதினாறை நாலு நாலாகப் பிரித்து லீக்காக நடத்தினால், எவ்வளவு மோசமாக ஆடும் அணிக்கும் மூன்று ஆட்டம் கிடைக்கும். செலவு கூடும், நாள் கூடும், தெரிகிறது. ஆனால் பதினாறு வயதுக்குள் ஒரு பையன் எத்தனை முழு ஆட்டம் ஆடியிருக்கிறான் என்பதைவிட முக்கியமான கணக்கு இந்த ஆட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஜீக்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு முகாமில் நாலு பந்து உதைத்துக் காட்டி அவர் அணிக்குள் வரவில்லை. உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்த இந்திய அணி பஞ்சாபின் மினர்வா அகாடமியோடு ஒரு பயிற்சி ஆட்டம் ஆடித் தோற்றது. போர்ச்சுகல்காரப் பயிற்சியாளர் நார்ட்டன் டி மாட்டோஸ் தன்னைத் தோற்கடித்த பசங்களிலேயே சிலரை எடுத்துக்கொண்டார். அதில் ஒருவர்தான் ஜீக்சன். அந்த ஒரு மேட்ச் நடக்காமல் போயிருந்தால் 82ஆவது நிமிடக் கோலும் இல்லை.

அந்த அணியின் கேப்டன் அமர்ஜித் சிங்கின் அம்மா இம்பால் சந்தையில் மீன் விற்றவர். கார்னர் அடித்த ஸ்டாலினின் பெற்றோர் பெங்களூரில் ரோட்டோரம் துணி விற்றவர்கள். அந்த அணியில் மணிப்பூர்ப் பையன்கள் மட்டும் எட்டுப் பேர். உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். உலகக் கோப்பைக்கு அப்புறம் இவர்கள் காணாமல் போகவும் இல்லை. ஜீக்சன், அமர்ஜித், சுரேஷ் சிங், அன்வர் அலி என்று பலர் பெரியவர்களின் இந்திய அணிக்கு ஆடினார்கள். அன்வர் அலிக்கு இதயத்தில் கோளாறு என்று தெரியவந்து ஆட்டமே முடிந்தது என்றார்கள். திரும்பி வந்தார், 2022இல் கொல்கத்தாவில் ஹாங்காங்குக்கு எதிராக இரண்டாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். நம் பக்கத்திலேயே ஆள் வேண்டுமென்றால், குமரிக் கடற்கரையின் மீனவ ஊரிலிருந்து போய் இந்தியச் சட்டை போட்ட மைக்கேல் சூசைராஜ் இருக்கிறார்.

இப்போது உங்கள் மகன். விடுதிக்கு அனுப்பலாமா என்றால், அனுப்பலாம் என்றுதான் சொல்வேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்கு ஆள் எடுப்பார்கள். அவன் ஒன்பதாவது போகும்போது சரியாக இருக்கும். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் போய் விசாரியுங்கள். விடுதியில் படிப்பும் சேர்ந்தேதான் நடக்கும், பள்ளிக்கூடத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இடம் கிடைத்தால், அங்கே முதலில் கேட்க வேண்டியது சாப்பாட்டையோ பூட்ஸையோ அல்ல. வருடத்துக்கு எத்தனை மேட்ச் என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால் இரண்டு வேலை. ஒன்று, பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். நம் காலத்தில் வாத்தியார் குத்துமதிப்பாக ஒரு தேதி போட்டுப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார். இந்த ஆட்டத்தில் ஒரு நாள் பிசகினாலும் அணி மாறிவிடும். 2017 அணிக்கு 2000 ஜனவரி 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்தான் தகுதி. இந்த வயதுப் போட்டிகளில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, எலும்பு வளர்ச்சி முடிந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். வயதைக் குறைத்துக் காட்டினால் பிடிபட்டுவிடுவான் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அப்படிக் குறைக்கிற ஒவ்வொருவனும் நியாயமான வயதில் இருக்கும் ஒரு பிள்ளையின் இடத்தைத் தின்கிறான்.

இரண்டாவது, அவனை மணலில் மட்டும் ஆட விடாதீர்கள். மணல் நல்லதுதான், கால் இரும்பாகும். சவுக்குக் கம்பு நட்டு, கிழிந்த வலையைக் கோலுக்குக் கட்டி நாமெல்லாம் ஆடியது அதில்தான். ஆனால் மணலில் பந்து உருளாது. அதனால் நம் பையன்கள் எல்லாப் பந்தையும் தூக்கியே அடிக்கிறார்கள், தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர்கள். புல்தரையிலோ கட்டாந்தரையிலோ விட்டால் தரையோடு தள்ளும் பாஸ் அளவு தவறிப் போகிறது, வருகிற பந்து காலில் நிற்காமல் துள்ளுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளி மைதானத்தில் ஆடட்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் அவளையும் சேர்த்து விடுங்கள். 2022இல் புவனேஸ்வரில் உலகக் கோப்பையில் நம் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று தோற்றபோது பெண்களுக்கு இது வேண்டாத வேலை என்று பேசினார்கள். 2025 ஆகஸ்டில் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் மியான்மரை அவர்கள் மண்ணிலேயே 1-0 என்று ஜெயித்து, இருபது வருடம் கழித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சுகள் கரையில் கிடக்கும், அதில் பாதி நாட்கள் பள்ளிக்கூடமும் லீவு. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், பெரியபட்டினம் என்று பக்கத்து ஊர்ப் பையன்களை வைத்து, பதினைந்து வயதுக்குள், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் லீக் ஒன்று நடத்தலாம் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. கோப்பை சின்னதாக இருந்தால் போதும். தோற்றால் வெளியே என்பது மட்டும் இருக்கக் கூடாது. எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். சோழகக் காற்று பலமாக அடிக்கும், பந்து காற்றில் போகும், காலையில் சீக்கிரம் வைத்துக்கொள்ளலாம். நான் மே முழுக்க ஊரில்தான் இருப்பேன். பந்தும் விசிலும் நான் கொண்டுவருகிறேன், கம்பும் வலையும் உங்கள் பொறுப்பு.

அதற்குள் மகனை ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். தெருவில் ஆடியது, பயிற்சியில் ஆடியது வேண்டாம். நடுவர் விசிலடித்துத் தொடங்கி, விசிலடித்து முடித்த முழு ஆட்டம் இந்த வருடம் எத்தனை ஆடினான் என்று எண்ணி எழுதட்டும். அடுத்த கடிதத்தில் அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்