நான்காம் பத்தியில் வரும் சைக்கிள்

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக என் சொந்த அனுபவங்களைக் கட்டுரைகளாக எழுதிவருகிறேன். எழுதும்போது கண் கலங்குகிறது. ஒரு மாதம் கழித்து எடுத்துப் படித்தால் எனக்கே சலிக்கிறது. தரத்தை உயர்த்த என்ன செய்யலாம்? அப்பாவின் சைக்கிளைப் பற்றி எழுதியதை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கட்டுரையை இருமுறை படித்தேன். முதல் மூன்று பத்திகளில் சைக்கிளே இல்லை. 'காலம் கரைபுரண்டோடும் நதி' என்று தொடங்குகிறீர்கள். அடுத்து தந்தையின் பெருமை, அதற்கடுத்து இன்றைய தலைமுறையின் போக்கு. நான்காம் பத்தியில்தான் அப்பா வருகிறார். அவர் வந்ததும் எழுத்து நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது:

'அப்பாவுக்கு ஜவுளிக்கடையில் வேலை. வழியில் செயின் கழன்றால் கையால் தொடமாட்டார். வேப்பங்குச்சியால் நெம்பி ஏற்றுவார். கறைபட்ட விரலோடு பட்டுப்புடவையை விரிக்க முடியாது.'

கட்டுரை இங்கேதான் தொடங்குகிறது. மேலே இருப்பதெல்லாம் பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டது. செருமுவதில் தவறில்லை, நானும் செருமுகிறவன்தான். கைப்பிரதியோடு அது நின்றுவிட வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்கியிருக்கிறார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோனவர்களே அதிகம். சைக்கிள் கட்டுரையைத் திருத்தவும் அந்தப் பட்டியல் உதவும். பத்தும் வேண்டாம், மூன்று போதும். பொருளில்லாமல் சொல்லை அடுக்குவது 'வெற்றெனத் தொடுத்தல்': உங்கள் காலநதி. சொல்ல வந்ததை விட்டு வேறொன்றில் இறங்கிவிடுவது 'மற்றொன்று விரித்தல்': உங்கள் இன்றைய தலைமுறை.

மூன்றாவதுதான் பொல்லாதது. 'சென்று தேய்ந்து இறுதல்': போகப்போக மெலிந்து முடிவது. அனுபவக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இதில்தான் விழுகின்றன. சைக்கிளை விற்கும் இடத்தை நீங்கள் எழுதியிருப்பதைப் பாருங்கள்: 'பழைய இரும்புக்காரர் தராசில் ஏற்றினார். 21 கிலோ. அப்பா திண்ணையை விட்டு எழவில்லை.' படிக்கிறவர் அந்தத் திண்ணையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, 'அப்பா என்பவர் ஒரு சகாப்தம்' என்று நான்கு வரி மேடைப்பேச்சு கேட்க வைக்கிறீர்கள். அந்த நான்கு வரிகளும் வேண்டாம். 'எழவில்லை' என்பதற்குப் பிறகு பேனா நகரக் கூடாது.

நடுவில், 'அப்பா ஒரு மிகவும் சிக்கனமான மனிதர் ஆவார்' என்று இருக்கிறது. 'ஒரு', 'ஆவார்' இரண்டிலும் மொழிபெயர்ப்பு வாடை. அதைச் செப்பனிட வேண்டாம், முழு வாக்கியத்தையும் எடுத்துவிடுங்கள். நைந்த காலரைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்வார் என்று இரண்டு வரி தள்ளி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் சிக்கனத்துக்குச் சாட்சி எதற்கு?

ஒற்றுப்பிழைகள் சில உண்டு. நல்ல அகராதியும் பொறுமையும் இருந்தால் சரியாகிவிடும். ஒன்றை மட்டும் உடனே திருத்துங்கள். 'முதலாளி அப்பாவுக்கு வேலைக் கொடுத்தார்' என்று எழுதியதில் ஜவுளிக்கடைக்காரர் உங்கள் அப்பாவின் கையில் வேலாயுதத்தைக் கொடுத்துவிட்டார். 'வேலை கொடுத்தார்' என்றால்தான் சம்பளம் வரும்.

எழுதிய அன்றே திருத்த உட்காராதீர்கள். கண் கலங்கிய சூட்டில் எல்லா வரியும் நல்ல வரியாகத்தான் தெரியும். ஒரு வாரம் ஆறப்போட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கேட்பதற்கு வீட்டில் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர் எப்போது ஜன்னல் பக்கம் திரும்புகிறார் என்று கவனியுங்கள், அங்கேயும் ஒரு கோடு.

திருத்தியதை மறுபடி அனுப்புங்கள். அந்த வேப்பங்குச்சியை அப்பா ஒவ்வொரு முறையும் வழியில் ஒடித்துக்கொள்வாரா, இல்லை கேரியரில் செருகியே வைத்திருப்பாரா? கட்டுரையில் அது இல்லை.