மலைப்பாதையில் பின்னால் நெருக்கும் வாகனம்

கேள்வி: வேலை நிமித்தமாக அடிக்கடி வால்பாறைக்குக் காரில் சென்று வருகிறேன். விடுமுறை நாள்களில் சுற்றுலா வாகனங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பதும், வளைவிலேயே முந்துவதும் பொறுக்க முடியாததாக இருக்கிறது. ஆத்திரத்தில் சில நேரம் வழிவிடாமல் நடுச்சாலையிலேயே ஓட்டுகிறேன். என் மனைவி இதைக் கண்டிக்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. உங்கள் ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வழிமறிப்பதால் பின்னால் வருபவர் திருந்தப்போவதில்லை, அடுத்த வளைவில் இன்னும் குறுகிய இடைவெளியில் முந்தப் பார்ப்பார். எதிரே பேருந்து வந்துவிட்டால் அவர் ஒடிக்கப்போவது உங்கள் கார் இருக்கும் இடப்பக்கம்தான். அவரை முன்னே அனுப்பிவிடுவது உங்கள் பாதுகாப்புக்காக நீங்கள் செய்துகொள்வது. ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டுவதையும் தடுப்பதையும் சாலை விதிகளே தடைசெய்கின்றன என்பதால், மறித்து ஓட்டும்போது நீங்களும் விதியை மீறியவர் ஆகிறீர்கள்.

எங்கே வழிவிடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். வளைவிலோ, அதை நெருங்கும்போதோ வேண்டாம். எதிர்ச்சாலை நன்றாகத் தெரியும் நேரான பகுதி வரும்வரை ஹாரனைப் பொருட்படுத்தாமல் உங்கள் வேகத்திலேயே சென்று, இடது இண்டிகேட்டர் போட்டு, படிப்படியாக வேகம் குறைத்து ஒதுங்குங்கள். மழைக்காலத்தில் பள்ளத்தை ஒட்டிய மண் இளகியிருக்கும். தார் விளிம்பைத் தாண்டிச் சக்கரத்தை இறக்காதீர்கள். கையை வெளியே நீட்டி ‘போகலாம்’ என்று சைகை காட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். வழி காலியாக இருக்கிறதா என்பதை முந்துபவர் தம் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆழியாற்றுக்கு மேலே உள்ள நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். அதன் நீளத்துக்குத் தன் பாதிச் சாலை போதாது. முன்பகுதி எதிர்ப்பக்க விளிம்புவரை சென்றுதான் திரும்பும். அந்த நேரத்தில் மேலிருந்து ஒரு கார் மூக்கை நுழைத்துவிட்டால், ஏற்றத்தில் நின்றுபோன பேருந்து பின்னோக்கி இறங்க வேண்டும், அதற்கு அதன் பின்னால் நிற்பவர்களும் இறங்க வேண்டும். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வாகனம் நின்று, ஏறும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும் என்ற விதி இதற்காகவே இருக்கிறது. பேருந்தின் ஹாரன் கேட்டதும் வளைவுக்கு மேலேயே நின்றுவிடுங்கள். பின்னால் இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் நகராதீர்கள். இந்த ஓரிடத்தில் உங்கள் பிடிவாதம் நல்லது.

அவர் முந்திச் சென்ற பிறகுதான் பலரும் தவறு செய்கிறார்கள். இரண்டாம் கியரில் எடுக்க வேண்டிய வளைவை, ‘அவனை விடக்கூடாது’ என்ற வேகத்தில் மூன்றாம் கியரில் எடுத்துவிடுகிறார்கள். கை நடுங்குவதாக உணர்ந்தால் வியூ பாயிண்டில் சிறிது நேரம் நிறுத்திவிட்டுப் புறப்படுங்கள். உண்மையிலேயே ஆபத்தாக ஓட்டுபவரின் வண்டி எண்ணை உடன் வருபவர் குறித்துக்கொள்ள, நிறுத்திய பின் 100 அல்லது 112-இல் தெரிவிக்கலாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவின்படி, ஆபத்தாக ஓட்டுவதற்கு முதல் முறையே ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கேள்வி: குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, பின்னால் வருபவர்களின் ஹாரனுக்கு அஞ்சி வேகம் கூட்டுவதும் பிரேக் அழுத்துவதுமாக ஓட்டுகிறேன். கருகல் வாடை வருகிறது. ஏன்?
– வாசகி, குன்னூர்

பதில்: பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் பிரேக்கின் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, தானாக ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதிலேயே இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது அழுத்தி விட்டால் போதும். நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள். வேகத்தை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். ஹாரன் அடிப்பவருக்கு உங்கள் பிரேக்கின் சூடு தெரியாது.