1974 வெள்ளை சென்ட் நாணயம்: விற்கும் முன் எடை பாருங்கள்

அப்பாவின் பெட்டியில் கிடைத்த 1974 அமெரிக்க ஒரு சென்ட் வெள்ளையாக இருக்கிறது, அலுமினியம்தானா, விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 3.1 கிராம் வந்தால் அது சாதாரண வெண்கல சென்ட்தான், யாரோ துத்தநாக முலாம் பூசியிருக்கிறார்கள். இப்படி நிறைய சுற்றுகிறது. அசல் அலுமினியம் ஒரு கிராம்கூட இருக்காது, உள்ளங்கையில் வைத்தால் பட்டன் மாதிரி இருக்கும்.

எடை சரியாக வந்தாலும் அவசரப்பட்டு விற்கப் போகாதீர்கள். செம்பு விலை ஏறியதால், வெண்கலத்துக்குப் பதிலாக அலுமினிய சென்ட் வெளியிட நினைத்து, 1974 என்று தேதியிட்டு 1973-லேயே பதினைந்து லட்சத்துக்கும் மேல் அடித்து, சிலவற்றை மாதிரிக்காக அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுத்தார்கள். குழந்தை விழுங்கினால் எக்ஸ்ரேயில் தெரியாது என்று மருத்துவர்களும் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது, அநேகமாக எல்லாமே உருக்கப்பட்டன, கொடுத்தவற்றிலும் சில திரும்பி வரவில்லை. ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிக்கல் இங்கேதான். அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் துணைக் கண்காணிப்பாளராக இருந்தவரின் மகன், அப்பா விட்டுப்போன நாணயங்களோடு தேதிக்குக் கீழே 'டி' எழுத்துள்ள (டென்வரில் அடித்ததற்கான குறி) அலுமினிய சென்ட் ஒன்றை வெறும் 300 டாலருக்கு விற்றுவிட்டார். அது என்னவென்று தெரிந்து ஏலத்துக்கு வந்தபோது அரசு தன் சொத்து என்று கேட்டது. 2014-ல் வழக்கு, 2016-ல் நாணயம் அரசிடமே திரும்பப் போனது. வைத்திருப்பதாலேயே உரிமை வந்துவிடாது. 19-ஆம் நூற்றாண்டில் சோதனைக்காக அடித்த அலுமினிய மாதிரி நாணயங்கள் வேறு, அவை ஏலத்தில் வெளிப்படையாகவே கைமாறுகின்றன.

எடையை மட்டும் இங்கே எழுதுங்கள், அப்புறம் பேசலாம். தயவுசெய்து தேய்த்துக் கழுவ வேண்டாம்.