கழுத்தில் நெறிகட்டினால் கணுவை முழுசாக எடுப்பது எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு வயது 22. இரண்டு மாதமாகக் கழுத்தில் நெறிகட்டியிருக்கிறது, வலி இல்லை. ஊசியால் உறிஞ்சி எடுத்த எஃப்.என்.ஏ.சி. சோதனையில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தது. இப்போது கட்டியையே எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். முதலில் டி.பி. மாத்திரை கொடுத்துப் பார்த்தால் என்ன?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. எடுக்கச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எஃப்.என்.ஏ.சி. ஊசியில் வருவது உதிரிச் செல்கள். நிணநீர்க் கணுவில் வரும் புற்றுநோயான லிம்போமாவை உறுதி செய்ய அது போதாது. கணுவுக்குள் அந்தச் செல்கள் எப்படி அடுக்கியிருந்தன என்பதும் தெரிய வேண்டும். இந்த வயதில் டி.பி.யோடு சேர்த்துச் சந்தேகிக்க வேண்டியது ஹாட்ஜ்கின் லிம்போமா. அதில் நோய்ச்செல்லான ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் பெரும்பாலும் நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். மீதியெல்லாம் அதைச் சுற்றிக் கூடிய சாதாரண வெள்ளணுக்கள். ஊசியில் அந்தக் கூட்டம் மட்டும் சிக்கினால் ரிப்போர்ட் ‘ரியாக்டிவ்’, அதாவது எதற்கோ எதிர்வினையாக வீங்கிய சாதாரணக் கணு, என்றுதான் வரும்.

பல இடங்களில் நெறி இருந்தால் கழுத்துக் கணுவை எடுப்பது நல்லது. தொடையிடுக்குக் கணு காலில் பட்ட பழைய புண்ணுக்குக்கூட வீங்கும், குழப்பும். எடுத்த கணுவை ஆபரேஷன் தியேட்டரிலேயே இரண்டாக வெட்ட வேண்டும். வெட்டிய முகம் மீன் சதைபோல வெளுத்து வழவழப்பாக இருந்தால் லிம்போமா சந்தேகம் கூடும். தயிர்க்கட்டிபோல உதிர்ந்தால் டி.பி. பக்கம் சாயும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஆனால் எந்தச் சோதனைக்கு எவ்வளவு அனுப்புவது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு துண்டு சலைனில் டி.பி. கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கும் (கிருமியின் மரபணுவைத் தேடுவது) போக வேண்டும். எல்லாவற்றையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சரே செய்ய முடியாது. மீதிப் பகுதி 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவத்தில் மூழ்க வேண்டும். சின்ன பாட்டிலில் முழுக்கணுவைத் திணித்து அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கணுவின் தோலைத் தாண்டி மருந்து உள்ளே போவதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும். அதன்பின் எந்த வகைச் செல் என்று காட்டும் சி.டி.30, சி.டி.15, சி.டி.20 சாயங்கள் சரியாகப் பிடிக்காது, பையனுக்கு மறுபடியும் கத்தி வைக்க வேண்டிவரும்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது: பயாப்சி முடியும்வரை டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு எதுவும் வேண்டாம். கட்டி சில நாளில் சுருங்கும், குணமானது போலத் தோன்றும். நோய்ச்செல்கள் அழிந்துபோன அந்தத் திசுவில் பயாப்சி ஒன்றும் சொல்லாது. ரிப்போர்ட் வந்ததும் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிவையுங்கள். வேறு இடத்தில் கருத்துக் கேட்டால் முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: ஹாட்ஜ்கினுக்கு ஏ.பி.வி.டி. கீமோ போகிறது. இரண்டு சுற்று முடிந்ததும் பெட் ஸ்கேன் என்கிறார்கள். முழுவதும் முடிந்தபின் எடுத்தால் போதாதா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: அந்த நடுவழி ஸ்கேன்தான் இனி எந்த மருந்து என்று சொல்லப்போகிறது. ஏ.பி.வி.டி. என்ற நான்கு மருந்துக் கூட்டில் உள்ள பிளியோமைசின் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. 2016-ல் வெளியான ராத்தல் ஆய்வில், முற்றிய நிலை நோயாளிகளில் இரண்டு சுற்றுக்குப்பின் பெட் சுத்தமாக இருந்தவர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பிளியோமைசினை நிறுத்தினார்கள். மூன்று ஆண்டு முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள், தொடர்ந்த பிரிவில் 85.7 சதவீதம், நிறுத்திய பிரிவில் 84.4 சதவீதம். நுரையீரல் தொல்லையோ நிறுத்தியவர்களுக்குக் குறைவு. முடிவை டோவில் அளவில் 1 முதல் 5 வரை போடுவார்கள். 1, 2, 3 நல்லது. 4, 5 என்றால் மருந்தை மாற்ற யோசிப்பார்கள்.

அதனால் ஸ்கேன் தப்பாகக் காட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கீமோவுக்குக் கூடுமானவரை நெருக்கி எடுங்கள். முந்தின நாள் ஓட்டம், பளு தூக்குதல் வேண்டாம். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். சர்க்கரை 200-க்குள் இருக்க வேண்டும். நீரிழிவு இருந்தால் மாத்திரை, இன்சுலின் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேனில் ஒளிரும் சர்க்கரை ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் போர்த்திக்கொண்டு பேசாமல் இருங்கள். பேசினால் தொண்டைத் தசை ஒளிரும், குளிர்ந்தால் கழுத்துக் கொழுப்பு ஒளிரும், இரண்டும் நெறிபோலவே தெரியும். வெள்ளணு ஏற்றும் ஊசி போட்டிருந்தால் தேதியோடு சொல்லுங்கள். எலும்பு மஜ்ஜை முழுவதும் எரிவதுபோலக் காட்டும்.

கேள்வி: ஐ.ஐ.டி. மும்பையில் உருவான கார்-டி சிகிச்சை, ஹாட்ஜ்கின் திரும்பி வந்த என் தம்பிக்கு உதவுமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: உதவாது. டாடா மெமோரியலோடு சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19, நோயாளியின் டி செல்கள் என்ற வெள்ளணுக்களை எடுத்து, சி.டி.19 என்ற குறி மேலே உள்ள செல்லைத் தாக்கும்படி மாற்றித் திருப்பி ஏற்றுவது. பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவில் தோன்றும் லிம்போமாவிலும் லுகேமியா எனும் ரத்தப் புற்றுநோயிலும் அந்தக் குறி இருக்கும். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லில் பொதுவாக இருக்காது. அதில் இருப்பது சி.டி.30. அதைக் குறிவைக்கும் பிரென்டுக்சிமாப் வெடோட்டினும், நோய் எதிர்ப்பின் பூட்டைத் திறக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் மருந்துகளும் இருக்கின்றன. இவற்றில் நோய் அடங்கியபின் சொந்த ஸ்டெம் செல் மாற்றத்துக்குத் தம்பியின் உடல்நிலை ஏற்றதா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிகிச்சை தொடங்குமுன் திரும்பி வந்த கட்டியிலும் பயாப்சி எடுத்தார்களா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.