வாசகர் கேள்விகள்: திரையில் ரெம்பிராண்ட்

கேள்வி: டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. அதிலுள்ளவர்களின் கண்மணி வரை பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. இனி நேரில் போனால் கூடுதலாக என்ன கிடைத்துவிடும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தப் படம் சாதாரணமானதன்று. 2022 ஜனவரியில் வெளியான அது, 8,439 புகைப்படங்களைக் கணினியால் இணைத்து உருவாக்கப்பட்டது. அதில் 71,700 கோடி படப்புள்ளிகள் உள்ளன. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குதான் இடைவெளி. 1642இல் ஓவியத்தை முடித்த ரெம்பிராண்டே அதை இவ்வளவு நெருங்கிக் கண்டிருக்க மாட்டார்.

ஆனால் திரையில் முதலில் தொலைந்துபோவது ஓவியத்தின் அளவு. 'இரவுக் காவல்' சுமார் 3.8 மீட்டர் உயரமும் 4.5 மீட்டர் அகலமும் கொண்டது. பாரிஸின் லூவரிலுள்ள மோனா லிசாவோ 77 சென்டிமீட்டருக்கு 53 சென்டிமீட்டர்தான். பரப்பில் நாற்பது மடங்குக்கும் மேல் வேறுபடும் இவ்விரண்டும் கைப்பேசியில் ஒரே உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவதால், ஏறக்குறைய ஆள் உயரத்தில் நம்மை நோக்கி நடந்துவரும் ஒரு படைக்குழுவின் முன் நிற்கும் உணர்வு அங்கே எழுவதேயில்லை. துணைத் தளபதியின் மஞ்சள் உடையிலுள்ள பூவேலையில் வண்ணம் புடைத்து நிற்கும்படி தடிமனாக அப்பப்பட்டிருக்கிறது. நாம் இடம் மாறும்போது அந்த மேடுகளில் ஒளியும் மாறி விழும். புகைப்படத்தில் ஒளியின் திசை ஒன்றே.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பார்க்கும் வரிசை தலைகீழாவது. கூடத்தில் முழுமையை முதலில் கண்டு, பிறகு ஒரு முகத்தை நோக்கி நெருங்குகிறோம். திரையிலோ விரல் உடனே பெரிதாக்கத் தொடங்கிவிடுகிறது. வண்ணப் பூச்சின் விரிசல்களை எண்ணிவிட்டு ஓவியத்தைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். (நேரில் போனாலும் தொட்டுவிடும் தூரம் கிடைக்காது, 2019இல் தொடங்கிய ஆய்வுக்காக அதைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டினார்கள்.) ஆகவே திரையில் பார்ப்பவர்கள், முழு ஓவியத்தையும் இயன்றவரை பெரிய திரையில் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, அதன் பிறகு பெரிதாக்கலாம்.

கேள்வி: அதே ஓவியத்தின் வெட்டப்பட்ட பகுதிகளைச் செயற்கை நுண்ணறிவு மீட்டுவிட்டதாமே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 'மீட்டது' என்பது மிகை. 1715இல் நகர மண்டபச் சுவரில் பொருத்துவதற்காக ஓவியத்தின் நான்கு ஓரங்களையும் வெட்டினார்கள். வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. அதற்கு முன்பே கெரிட் லுண்டென்ஸ் என்ற ஓவியர் வரைந்திருந்த சிறிய நகலைக் கொண்டு, ரெம்பிராண்டின் பாணியைக் கணினிக்குப் பயிற்றுவித்து, 2021இல் அந்த ஓரங்களை அச்சிட்டு மூலத்தின் அருகே பொருத்திச் சில மாதங்கள் காட்சிக்கு வைத்தனர். இடப்பக்கம் விரிந்ததும், நடுவில் நிற்பதாகத் தோன்றிய தளபதி வலப்புறம் நகர, குழு முன்னே நடக்கத் தொடங்கியதுபோல் ஆனது. ஓவியத்தின் கட்டமைப்பை இவ்வளவு தெளிவாக விளக்கும் படமாக அதை நான் மதிக்கிறேன். ரெம்பிராண்டின் கைவேலையாக அல்ல.