தைரியத்துக்குத் தேர்தல் விடுமுறை

கேள்வி: பிரிட்டிஷ் டிவியில் பிரதமரையே கிழி கிழியென்று கிழிக்கிறார்களே! அந்தத் தைரியம் வேறு யாருக்கு வரும்?

பதில்: 'தைரியம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்து எழுதுங்கள். பிபிசியின் 'எஸ் மினிஸ்டர்' என்ற அரசியல் நகைச்சுவைத் தொடரில், இலாகாவின் தலைமை அதிகாரியான நிரந்தரச் செயலர் சர் ஹம்ஃப்ரி, மந்திரியின் தனிச் செயலர் பெர்னார்டுக்கு ஒரு பாடம் எடுப்பார். மந்திரியின் யோசனையை ஊற்றி மூட வேண்டுமா? 'சர்ச்சைக்குரிய முடிவு' என்றால் கொஞ்சம் ஓட்டு போகும் என்று பொருள். 'தைரியமான முடிவு' என்றால் தேர்தலே போச்சு! மந்திரி தலைதெறிக்கப் பின்வாங்கிவிடுவார்.

பிபிசிக்கும் இந்தப் பாடம் மனப்பாடம். அந்தத் தொடரின் முதல் பகுதியை 1979-லேயே எடுத்தாயிற்று. பொதுத்தேர்தல் நேரத்தில் எதற்கு வம்பு என்று பூட்டி வைத்து, 1980 பிப்ரவரியில்தான் வெளியே விட்டார்கள். இத்தனைக்கும் மந்திரி ஹேக்கர் எந்தக் கட்சி என்று தொடர் முழுக்க மூச்சு விட மாட்டார்கள். அதற்கு முன்னால் டேவிட் ஃப்ராஸ்ட் நடத்திய வாராந்திர நையாண்டியை, 1964 தேர்தல் வருடமாயிற்றே என்று 1963-உடன் மூட்டை கட்டினார்கள். தனியார் சேனலான ஐடிவியின் ரப்பர் பொம்மைகள் கொஞ்சம் மேல். 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்ற அந்தப் பொம்மை நிகழ்ச்சி, லிபரல் கட்சித் தலைவர் டேவிட் ஸ்டீலைக் குட்டி பொம்மையாக்கி, கூட்டணிக்காரர் டேவிட் ஓவனின் சட்டைப்பையில் செருகியது. அது தன் பெயரைக் கெடுத்துவிட்டது என்று ஸ்டீலே பிறகு சொன்னார். ஆனால் அந்தப் பொம்மைகளின் 1987 தேர்தல் சிறப்பு நிகழ்ச்சியும் வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான். பந்தி எழுந்ததும் உப்பு பரிமாறும் தைரியம்!

அதற்காக நான் ரசிக்காமல் இல்லை. 'எஸ் மினிஸ்டர்' தொடரில் வரும், சுமார் 500 ஊழியர்கள் இருந்தும் ஒரு நோயாளிகூட இல்லாத அந்த ஆஸ்பத்திரியை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. நோயாளி இல்லாததால்தான் நிர்வாகம் அவ்வளவு சுத்தம்! (பின்னணிச் சிரிப்பு பொய் என்று மாதாமாதம் கடிதம் போடும் அன்பருக்கு: சிரித்தது அரங்கில் உட்கார்ந்திருந்த நிஜ மனிதர்கள். தபால்தலையை மிச்சப்படுத்துங்கள்.)

அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சருக்கும் இந்தத் தொடர் உயிர். அடி வாங்கியது அதிகாரிகள். அவருக்கு என்ன வலி? 1984 ஜனவரியில் ஒரு விருது விழாவில், அதே நடிகர்களுடன் ஒரு குட்டி நாடகத்தில் பிரதமராகவே நடித்தார். இணை எழுத்தாளர் ஜொனாதன் லின் மேடையேறி, நகைச்சுவைத் தொடர்களில் தமக்குரிய இடத்தைப் பிரதமர் பிடித்துவிட்டார் என்று நன்றி சொன்னார். கூடமே சிரித்தது, அம்மையாரைத் தவிர.

நாடகத்தில் அவர் வைத்த கோரிக்கை: பொருளாதார நிபுணர்களை ஒழித்துவிட வேண்டும். பட்ஜெட்டுக்கு மறுநாள் டிவியில் வரிசையாக வந்து உட்காருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் தாட்சர் கட்சி.